எர்க்கி விரட்டுகிறார்

மைனஸ் பதினெட்டுக் குளிரில் பொண்டாட்டியை ஓடவிட்டு, பின்னாலேயே சைக்கிளில் விரட்டிக்கொண்டு வருகிற மனுஷனை என்னவென்று சொல்வது?

"முட்டியத் தூக்கு சினிக்கா. கிழட்டுக் கலைமான்கூட உன்னைவிட வேகமாப் போகும்."

சினிக்காவுக்கு வயது அறுபதுக்கு மேல். சிவப்புக் குல்லாய், இமையெல்லாம் உறைபனி. எர்க்கி பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். பனியில் வழுக்காத ஆணி டயர் சைக்கிளில் ராஜா மாதிரி உட்கார்ந்து வருவார்.

ஓவ்லு ஊரில் குளிருக்குப் பயந்து யாரும் சைக்கிளை மூட்டைகட்டி வைப்பதில்லைதான். அதற்காக இப்படியா? பாதையோரத்து வீட்டு ரைலிக்கு, ஜன்னலில் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. சினிக்கா அவளோடு பள்ளியில் படித்தவள். ஊரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வீட்டு விஷயம் என்றால் இங்கே எல்லோருக்கும் காது அடைத்துவிடும். ரைலிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அன்று பாதையிலேயே போய் மறித்தாள். காபி ரெடி, ஏலக்காய் பன் சூடாக இருக்கிறது என்று சினிக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவரும் வரட்டும் என்றாள் சினிக்கா. வருவார், நீ போ என்று அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, எர்க்கியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ரைலி உள்ளே வந்தாள்.

"நீ என்ன பனிவண்டி இழுக்கிற நாயாடி? ஓட முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லேன்."

குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த சினிக்கா நிமிர்ந்தாள். "அவர் எங்கே? தனியாவா அனுப்பினே?"

ஷூ முடிச்சுகூடப் போடாமல் ஓடினாள். அவள் மறந்துவிட்ட கையுறையை எடுத்துக்கொண்டு ரைலியும் பின்னால் ஓடினாள்.

பாலத்துக்கு முன்னால் பாதை இரண்டாகப் பிரிகிற இடம். எர்க்கி ஒரு காலைப் பனியில் ஊன்றி, சந்தையில் தொலைந்த குழந்தை மாதிரி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சினிக்கா அவரைக் கூப்பிடவில்லை. தாண்டிப் போய், இடப்பக்கம் திரும்பி ஓடினாள்.

சிவப்புக் குல்லாயைக் கண்டதும் எர்க்கிக்குக் குரல் வந்துவிட்டது. "எங்கே போய்த் தொலைஞ்சே? முட்டியத் தூக்கு."

மத்தியானம் கையுறையைக் கொடுக்கப் போன ரைலியிடம், வாசலிலேயே வைத்துச் சினிக்கா மெதுவாகச் சொன்னாள்.

"போன வருஷத்திலேருந்து அவருக்கு வழி மறந்துபோகுது. சைக்கிளைப் பிடுங்கிட்டா மனுஷன் உடைஞ்சுபோவார். அதான், நான் பந்தயத்துல ஓடணும், கத்துக்குடுங்கன்னு கேட்டேன். எனக்கு ஓடறதுன்னாலே ஆகாது ரைலி. ஆனா அவருக்கு முன்னால யாராவது ஓடணுமே."

மறுநாள் காலை. முன்னால் சிவப்புக் குல்லாய், பின்னால் சைக்கிள்.

ரைலி ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"எர்க்கி, இன்னைக்கும் அவ நத்தை மாதிரிதான் போறா. விடாதீங்க, நல்லா விரட்டுங்க."