நிபுணர் துடைத்த பட்டியல்

பதினொரு மணி வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. மருந்துப் பெட்டிகளில் ஒட்டவேண்டிய முந்நூறு முகவரிச் சீட்டுகள் இன்னும் அச்சாகவில்லை. அவற்றை அச்சடிக்கும் நிரலைத் தானே எழுதிய குமாஸ்தா அக்கா சுவரோரம் நிற்கிறார். அவருடைய நாற்காலியில் தலைமை அலுவலகத்து நிபுணர், கால்மேல் கால் போட்டு, பளபளக்கும் பூட்ஸை அச்சு இயந்திரத்தின் தட்டுக்கு நேரே ஆட்டிக்கொண்டிருக்கிறார். "ஒவ்வொரு தடவையும் ஃபோல்டர் பேரெல்லாம் முழுசா அடிப்பீங்களா? யாரும்மா உங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது? பேரை மட்டும் அடிச்சா ஓடணும்." கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்று கணினி வைத்திருக்கும் பட்டியலைத் திறக்கிறார். "குப்பை" என்று சொல்லி அத்தனையையும் அழிக்கிறார். கைபேசியில் பத்திரப்படுத்திய வரியைப் பார்த்து அப்படியே அடிக்கிறார். அதில் இருப்பது அவர் வீட்டுக் கணினியின் ஃபோல்டர்; இந்தக் கணினியில் அப்படி ஒன்று கிடையாது. நிரலின் பெயரை அடித்து, கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்போல என்டரைத் தட்டுகிறார். அப்படி ஒரு கட்டளை இல்லை என்கிறது திரை. வேறொன்றை அடிக்கிறார். அதுவும் இல்லையாம். "மெஷின் பழசு" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். ஜன்னலில் ஓட்டுநரின் தலை. "என்ன சார், அதுக்கும் உங்களப் பிடிக்கலையா?" ஹாரன் ஒருமுறை அலறுகிறது. அக்கா அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஃபோல்டர் பெயர்களோடு நிரலின் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாக அடிக்கிறார். நிரலுக்குள்ளும் ஒவ்வொரு கட்டளையையும் அவர் ஃபோல்டர் பெயரோடுதான் எழுதியிருக்கிறார்; பட்டியல் தேவையில்லை. அச்சு இயந்திரம் தொண்டையைச் செருமுகிறது.

"காலை எடுங்க சார். பேப்பர் வந்து விழணும்."