மேல் பட்டன்

“மேல் பட்டன் இன்னும் போடல,” என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார் தையற்காரியின் கணவர்.

அவள் நடுங்கும் வலது கையைத் தூக்கினாள். பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. விரல்கள் பட்டனைப் பிடிப்பதும் நழுவவிடுவதுமாக இருந்தன. அவரோ தன் இரண்டு கைகளையும் தொங்கப்போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வந்த நர்ஸுக்கு அருவருப்பாக இருந்தது. தினமும் காலையில் இதே கூத்துதான். துரைக்கு அலங்காரம் வேறு. முதல் வாரம் பெரிய கோட்டுப் பட்டன் வைத்த கோமாளிச் சட்டை, இப்போது மிளகு மாதிரி பட்டன் வைத்த வெள்ளைச் சட்டை.

“நான் போட்டு விடறேன்க்கா.”

“நீ கை வைக்காதே.”

அவள் சுபாவம் அது. டாக்டர் பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை, ‘நான் என்ன குழந்தையா?’ என்று வெளியே வீசியவள். தலைவாரக்கூட யாரையும் விடமாட்டாள். அப்பேர்ப்பட்ட ரோஷக்காரி இந்த ஜென்மத்துக்கு மட்டும் அடிமையா என்று நர்ஸுக்கு வயிறு எரிந்தது.

கால் மணி நேரத்தில் பட்டன் ஏறியது. “ம்,” என்று பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார். கட்டைவிரலில் பிளாஸ்திரி. என்ன வேலை செய்து கிழித்தாரோ.

நர்ஸால் பொறுக்க முடியவில்லை. “தப்பா நினைக்காதீங்கக்கா. பாக்கவே குமட்டுது. எப்போ மறுபடி மெஷின்ல உட்காருவோம்னு நீங்க தவிக்கிறீங்க. ரெண்டு கையும் நல்லா இருக்கிற மனுஷனுக்குச் சட்டை மாட்டிவிட ஆள் கேக்குதா?”

தையற்காரி கோபப்படவில்லை. “அந்த அலமாரியைத் திறந்து பாரு.”

வரிசையாக நான்கு சட்டைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் பட்டன் முந்தியதைவிடச் சின்னது. காஜா ஓட்டைகளைக் கண்டபடி வெட்டி, கோணல்மாணலாகத் தைத்திருந்தது. ஒன்றின் ஓரத்தில் துளி ரத்தக்கறை. பக்கத்தில் மடித்து வைத்திருந்த இன்னொரு சட்டையில் பாதி பட்டன்தான் தைத்திருந்தது, கடுகை விடக் கொஞ்சம் பெரியது. ஊசி அதிலேயே குத்தியிருந்தது.

நர்ஸ் அந்த ஊசியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் கட்டைவிரல் பிளாஸ்திரி ஞாபகம் வந்தது.

தையற்காரி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதே.”