முழங்கால் சேறு

"இந்தப் புத்தகத்தை நம்ப முடியாதும்மா. எடுத்துடு."

ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்கிற தோரணையில் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கன் புத்தகத்தை மூடினார்.

மிருதுளாவுக்குப் பகீரென்றது. தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகளைப் பற்றிய அவளுடைய ஆராய்ச்சியில் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு புத்தகத்தை நம்பித்தான் இருந்தது. சேலையூர் பிரவுசிங் சென்டரில் டைப் அடித்து ஃப்ளாப்பியில் ஏற்றியாகிவிட்டது. திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். "செம்பாக்கத்துல ஸ்ரீரங்கன்னு ஒரு ரிட்டயர்டு ஆபீஸர் இருக்கார். ஏரி விஷயம் அவருக்கு அத்துப்படி. அவர் ஓகேன்னா எனக்கும் ஓகே" என்று கைடு அனுப்பிவைத்திருந்தார்.

"ஏன் சார் நம்ப முடியாது?"

"ஆதாரம்னு ஒரு வரி இருக்கா? எந்த ரெக்கார்டு, யார் சொன்னது, ஒண்ணும் கிடையாது. பதினெட்டு ஏரிக்கும் மதகு எத்தனைன்னு மட்டும் டாண்டாண்ணு போட்டிருக்கு."

"நேர்ல போய் எண்ணியிருக்காங்க சார். முன்னுரையைப் பாருங்க. 'முழங்கால் சேற்றில் இறங்கி ஒவ்வொரு மதகாக எண்ணினேன்.' படிச்சப்ப எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"முன்னுரைல எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுவாங்க."

மூன்று வருட உழைப்பு. மிருதுளாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார். நாகலக்ஷ்மின்னு ஒரு லேடி எழுதினதாலதானே நம்ப மாட்டேங்கறீங்க?"

ஸ்ரீரங்கன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்பக்கம் குரல் கொடுத்தார்.

"நாகு, கொஞ்சம் வா."

கையில் கரண்டியோடு அவர் மனைவி வந்து நின்றாள்.

"நீ எப்பவாவது ஏரிக்குள்ள இறங்கியிருக்கியா?"

"நன்னாருக்கு! கல்யாணமான நாள்லேருந்து தாம்பரம் மார்க்கெட்டைத் தாண்டி எங்கே கூட்டிண்டு போயிருக்கேள்?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மிருதுளா அட்டையில் இருந்த பெயரை இன்னொரு முறை பார்த்தாள்.

"சர்வீஸ்ல இருக்கறவன் புத்தகம் போடணும்னா மேலிடத்துல பர்மிஷன் வாங்கணும்மா. அதுக்கு யார் அலையறது? எங்க ஆபீஸ்ல நிறைய பேர் பொண்டாட்டி பேர்லதான் போடுவோம்."

மிருதுளாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப சேத்துல இறங்கி எண்ணினது நீங்களா சார்! அப்புறம் என்ன, தாராளமா நம்பலாமே!"

ஸ்ரீரங்கன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எந்த ஆபீஸ்லம்மா அத்தனை நாள் லீவு கொடுப்பாங்க?"