காலிப் பெட்டியின் எடை

காலிப் பெட்டி அறுபத்தெட்டு கிலோ காட்டியது.

பழைய அட்டை எடுப்பவர் தராசை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். எண் அசையவில்லை.

"அக்கா, அட்டை நனைஞ்சிருக்கா?"

கடைக்கார அக்காவுக்குச் சுருக்கென்றது. எடைக்காகத் தண்ணீர் தெளித்து விற்கிறவள் என்று நினைத்துவிட்டாரே! "தொட்டுப் பாருங்க, மொறமொறன்னு இருக்கும்" என்றாள்.

அவர் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். பெட்டி தும்மியது.

ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் சின்னக் கடை அது. பின்னறை முழுக்கக் காலி அட்டைப் பெட்டிகள். இதையெல்லாம் பழைய அட்டைக்குப் போட்டால் என்ன என்று போன திங்கட்கிழமை அவள் கேட்டாள். டீக்கு எத்தனை சர்க்கரை என்பதில்கூட ஒத்துப்போகாத மூன்று ஆண்கள் அன்றைக்கு ஒரே குரலில் எதிர்த்தார்கள்.

டேப் உரிக்க எவ்வளவு நேரம், மடித்துக் கட்ட எத்தனை முழம் கயிறு என்று கணக்கர் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்து, சின்னக் கடைக்கு இது கட்டுபடியே ஆகாது என்றார். டெலிவரி அண்ணன் இடுப்பைப் பிடித்துக் காட்டினார். அவள் வீட்டுக்காரர், "பெட்டி இல்லேன்னா கம்பெனியில ரிட்டர்ன் எடுக்க மாட்டான்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

ஒரு ரிட்டர்னுக்கு இப்படியா என்று அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், மூவரும் கண்ணில் படாத மத்தியான நேரம் பார்த்து இன்றைக்கு அட்டை எடுப்பவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

இப்போது தராசின் மேலிருந்த பெட்டியின் மூடியைத் திறந்துகொண்டு கணக்கர் எழுந்து நின்றார். கக்கத்தில் தலையணை, கையில் மடித்த செய்தித்தாள்.

"மதிய இடைவேளை, மேடம்" என்றார். மணி பார்த்துவிட்டு, "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."

அவள் விறுவிறுவென்று பின்னறைக்குப் போனாள். அங்கே நின்ற பெரிய பெட்டியைத் தட்டினாள்.

"ஆள் இருக்கு" என்றது உள்ளேயிருந்து டெலிவரி அண்ணனின் குரல்.

அடுத்தது டபுள் டோர் ஃப்ரிட்ஜின் பெட்டி. அதைத் தட்டவில்லை. பிரித்தாள்.

உள்ளே அவள் வீட்டுக்காரர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். சட்டை ஹேங்கரில் தொங்கியது. சுவரில், அதாவது அட்டையில், ஒரு ஜன்னல் வெட்டியிருந்தார். கையில் போன் இல்லை, புத்தகம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மூணு மாசமா மத்தியானம் இங்கதானா இருந்தீங்க?"

"வேற எங்கம்மா போவேன்?"

தினமும் ஒரு மணி நேரம் காணாமல் போகிற மனிதரிடம் கேட்கப் பயந்து, துவைக்கப் போடும் சட்டைப் பைகளில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தவள் அவள். அந்தப் பயம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் கோபம் ஏறியது.

"என் கண் முன்னாலேயே மடிங்க. மூணையும்."

மடித்தார்கள். கணக்கர் ஓரங்களை நேராக வைத்து மடித்தார். டெலிவரி அண்ணன் பெட்டிக்குள் ஒட்டியிருந்த காலண்டரைக் கிழியாமல் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் ஜன்னலை ஒருமுறை தடவினார். யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"உள்ள அப்படி என்னதான் இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. யாரும் கூப்பிட மாட்டாங்க, அவ்வளவுதான்" என்றார் டெலிவரி அண்ணன்.

மூலையில் இன்னொரு பெட்டி நின்றது. அதன் பக்கம் ஒருவரும் போகவில்லை.

"அது யாரோடது?"

கணக்கர் தரையைப் பார்த்தார். டெலிவரி அண்ணன் கணக்கரைப் பார்த்தார்.

"உன்னோடதுதான். ரெண்டு மாசமாச்சு. எப்படிச் சொல்றதுன்னு எங்க யாருக்கும் தெரியல" என்றார் வீட்டுக்காரர்.

குனிந்து பார்த்தாள். அவள் உயரத்துக்குச் சரியான பெட்டி. மெத்தை போட்டிருந்தது. சாயங்காலமானால் வீங்கும் இடது காலை நீட்டி வைக்க ஒரு குட்டி ஸ்டூல். மற்ற மூன்றிலும் இல்லாத ஒன்றும் இருந்தது: உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

முன்னாலிருந்து அட்டை எடுப்பவர், "அக்கா, அக்கா" என்றார். கடைப் போன் அடித்தது. வாஷிங் மெஷின் பார்க்க வந்த யாரோ, "இங்க யாருமில்லையா?" என்றார்கள்.

அவள் செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். பிறகு அதையும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விழுந்தது.

மூன்று ஆண்களும் சட்டையைச் சரிசெய்துகொண்டு கடைக்குள் வந்தார்கள். தராசில் மடித்த அட்டைகள் ஏறின. பதினோரு கிலோ. அட்டை எடுப்பவர் எண்ணைக் காட்ட அக்காவைத் தேடினார்.

"எங்கண்ணே, அக்காவைக் காணோம்?"

கணக்கர் பேரேட்டைத் திறந்தார். டெலிவரி அண்ணன் போனை எடுக்கப் போனார். வீட்டுக்காரர் தெருவை எட்டிப் பார்த்தார்.

"இப்பதான் வெளிய போனாங்க" என்றார். "எப்ப வருவாங்கன்னு தெரியலீங்க."