விறைத்த விரல்

மார்ச் பதினொன்று, காலை எட்டேகால் மணி. வெயில் கண்ணைக் கூசவைக்கிறது, உடம்பில் மட்டும் உறைக்கவில்லை. கடலோர ஊரிலிருந்து இந்த மலைநகரத்தில் சற்றுமுன் வந்திறங்கிய மின்பணியாளன், நிறுவனத்தின் மருத்துவ அறையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறான். சன்னலுக்கு வெளியே வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்றாக ஏறி நிற்கின்றன. மேகம் தெருவுக்குக் கீழே கிடக்கிறது. வலக்கை விரலில் மாட்டிய கருவி எழுபத்தெட்டு என்கிறது. ரத்தத்தில் பிராணவாயு இவ்வளவு குறைந்தவரை மாலைப் பேருந்திலேயே கீழே அனுப்பிவிடுவார்கள். வேலையும் அத்தோடு போய்விடும். மருத்துவர் அவன் கையைத் தொட்டுப் பார்க்கிறார். “ஏன் இப்படி விறைச்சிருக்கு?” “வர்ற வழியெல்லாம் சன்னலுக்கு வெளிய கைய நீட்டிப் படம் எடுத்தேன், சார்.” “மலை எங்கயும் ஓடிடாதுடா,” என்கிறாள், இதே ஊரில் வேலைபார்க்கும் அக்காள். “புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றதுதாம்மா,” என்கிறார் மருத்துவர். “ விரல் விறைச்சிருந்தா இது தப்பாத்தான் காட்டும். நல்லாத் தேய்ச்சு விடுங்க.” அவள் அந்தக் கையைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடு பறக்கத் தேய்க்கிறாள். மறுபடி மாட்டிய கருவி தயங்கித் தயங்கி ஏறி எண்பத்தொன்பதில் நிற்கிறது. அக்காள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிடுகிறாள். “இங்க இருக்கிறதே கொஞ்சம் காத்து. அதையும் நீயே இழுத்துக்காதக்கா.” மருத்துவர் ‘பணியில் சேரலாம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தாளை நீட்டுகிறார். வலக்கையை அக்காள் இன்னும் விடவில்லை. அவன் இடக்கையால் வாங்கிக்கொள்கிறான்.