விருந்தாளி அறுத்த காது

எங்கள் தொழிற்பள்ளிச் சாப்பாட்டு அறையின் அழுக்குக் கண்ணாடி வழியாக மதிய வெயில் விழுகிறது. புதிய கல்வித் திட்டத்தின் அம்புக்குறிகள், புரொஜக்டர் வெளிச்சத்தில், உரிந்த சுண்ணாம்பின் மேல் நடுங்குகின்றன. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த இளம் அதிகாரி எர்னிஸ் பேசி முடித்துவிட்டார். வெல்டிங் ஆசிரியர் மமசாலி மட்டும் விடுவதாக இல்லை. "தம்பி, பட்டறைக்கு மிஷின் எப்ப வரும்?" "அது அப்புறம்ணே. முதல்ல ஆங்கிலத் தேர்வு. அதுல பாஸ் பண்ணாத்தான் பசங்களுக்குச் சான்றிதழ், உங்களுக்கு வேலை." "எங்க பசங்க சாக்பீஸ்லதான் வெல்டிங் வைக்கிறானுங்க. அதை இங்கிலீஷ்ல வேற வைக்கணுமா?" யாரோ சிரிப்பை விழுங்குகிறார்கள். முதல்வர் சாய்கால் ஆவி பறக்கும் ஆட்டுத் தலையை அவசரமாக விருந்தாளி முன் நகர்த்துகிறார். "சாப்பிடுங்க தம்பி, ஆறிடும்." தலையை வாங்கும் விருந்தாளி காதை அறுத்து, பந்தியில் இருப்பவர்களிலேயே இளையவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம், பெரியவர்கள் சொல் கேட்டு வளரட்டும் என்று. எர்னிஸ் அறுக்கிறார். குருத்தெலும்பில் கத்தி கறகறக்கிறது. எழுந்து, இரண்டு கையாலும், எங்களில் மூத்தவரான மமசாலியிடம் நீட்டுகிறார். "நல்ல துண்டு. உங்களுக்குத்தாண்ணே." நகரத்தில் வளர்ந்தவர், காதை அறுத்துக் கொடுப்பது தெரியும், யாருக்கு என்று தெரியாது, முகத்தில் அவ்வளவு பணிவு. எல்லோர் கையும் தட்டிலேயே நிற்கிறது. சாய்கால் சுவரைப் பார்க்கிறார். வெள்ளைத் தாடி மமசாலி, தீப்பொறி பட்டுப் புள்ளி விழுந்த கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார். "சரி தம்பி, கேட்டுக்கிறேன்." அவர் மெல்லும் சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது.