மூலையில் துடிக்கும் எண்

கொலை வழக்குத் தொடரில் நான் பிரேதப் பரிசோதனை டாக்டர். கதைப்படி இன்ஸ்பெக்டர் மேல் எனக்குக் காதல். ரசிகர்கள் அதை நம்பவில்லை. நடிப்பில் உணர்ச்சி நிஜமா என்று ரசிகர்கள் பார்த்துக்கொள்ள, இப்போதெல்லாம் திரையின் மூலையில் எங்கள் நாடித்துடிப்பு எண்ணாக ஓடிக்கொண்டிருக்குமே, இன்ஸ்பெக்டராக நடித்த மாசிலாமணி சார் என் கையைப் பிடித்தபோதும் என்னுடையது எழுபதைத் தாண்டவில்லை.

"சுத்தப் பொய்க் காதல்" என்று ஊரே எழுதியது.

எனக்கு அந்த எழுபது பிடித்திருந்தது. வீட்டில் என் நாடி அவ்வளவு நிதானமாக ஓடியதே இல்லை.

சேனல்காரர்கள் மாசிலாமணி சாரை எடுத்துவிட்டு, என் கணவர் இளமாறனையே இன்ஸ்பெக்டராகப் போட்டார்கள். அவரும் நடிகர்தான். முதல் காட்சியில், என் நெற்றி முடியை ஒதுக்கிவிட அவர் கையைத் தூக்கினார். என் எண் நூற்று நாற்பதுக்கு எகிறியது.

"இதுதான்யா காதல்!" என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். டைரக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இன்று, மேக்கப் போடும் செண்பகம் அக்கா கன்றிப்போன என் கழுத்தோரத்தில் இன்னொரு பூச்சு பூசினார்.

"இன்னைக்கும் முழுக்கை ஜாக்கெட்டாம்மா?"

"ஆமாக்கா."

வெளியே இளமாறனின் பூட்ஸ் சத்தம் கேட்டது. சுவரில் இருந்த திரையில் என் எண் ஏறத் தொடங்கியது.

"மேடம் ரெடி!" என்று உதவி டைரக்டர் உற்சாகமாகக் கூவினார்.